ஒடித்த கொடுக்கு முளைக்குமா? புளோரிடா கல் நண்டுப் பிடிப்பின் வரலாறு

முன்னுரை

நண்டைப் பிடித்து, கொடுக்கை மட்டும் ஒடித்துக்கொண்டு, உயிரோடு கடலில் விட்டுவிடும் வழக்கம் அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் உண்டு. முழு நண்டைக் கரைக்குக் கொண்டுவர அங்கே சட்டம் இடம் தரவில்லை. ஒடித்த கொடுக்கு மீண்டும் முளைக்கும் என்ற நம்பிக்கையே இம்முறைக்கு அடித்தளம். அந்த நம்பிக்கையை ஆய்வுகள் எவ்வாறு திருத்தின, சட்டம் அவற்றை எவ்வளவு தூரம் பின்பற்றியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நண்டின் இயல்பு

இந்நண்டை 1818இல் அறிவியல் உலகுக்கு விவரித்தவர் தாமஸ் சே. மெனிப்பே மெர்செனாரியா என்பது இதன் இன்றைய பெயர். கடற்புல் திட்டுகளில் குழி தோண்டியும் பாறை இடுக்குகளில் ஒதுங்கியும் வாழ்கிறது. பருத்த கொடுக்கு சிப்பி ஓட்டை நொறுக்கும். மெலிந்த கொடுக்கு இரையைப் பற்றி வெட்டும்.

கொடுக்கின் உட்புறத்தில் கைரேகை போன்ற நுண்வரிகள் இருக்கின்றன. முதலில் வளர்ந்த கொடுக்கில் அவை அறுபடாமல் ஓடும். மறுபடி முளைத்ததில் புள்ளிகளாகவும் துண்டுக் கோடுகளாகவும் சிதறிக் கிடக்கும். ஏற்கெனவே ஒருமுறை கொடுக்கிழந்து பிழைத்த நண்டை ஆய்வாளர்கள் இந்த வரிகளைக் கொண்டே அடையாளம் காண்கிறார்கள்.

கொடுக்கின் அடிமூட்டில் இயற்கையாக அமைந்த முறிவிடம் ஒன்று உண்டு. சரியாக அங்கே ஒடித்தால் உள்ளிருக்கும் சவ்வு காயத்தை அடைத்துவிடும். உடலின் சதையும் சேர்ந்து பிய்ந்தால் குருதி வடிந்து நண்டு செத்துப்போகும். புதுக் கொடுக்கு, ஓடு கழற்றும்போதுதான் வெளிப்படும். வளர்ந்த நண்டு ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறையே ஓடு கழற்றுகிறது. முதலில் வரும் கொடுக்கு சிறியது; பழைய அளவை எட்டப் பல ஓடு கழற்றல்கள் தேவை.

பிடிப்பின் வளர்ச்சி

1913இல் மயாமி கடற்கரையில் ஜோ வைஸ் சிறு உணவகம் தொடங்கினார். 1920களின் தொடக்கத்தில் அங்கே இந்நண்டை வேகவைத்து, ஆறவைத்துப் பரிமாறத் தொடங்கியதிலிருந்து கிராக்கி பெருகியது. அடியில் சிமெண்ட் காரை இட்ட மரக்கூடுகளில் மீன்தலை, பன்றிக்கால் ஆகியவற்றை இரையாக வைத்து நண்டைப் பிடித்தார்கள். பின்னர் பிளாஸ்டிக் கூடுகள் வந்தன. கூடுகளின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது. ஒரு கூட்டுக்குக் கிடைக்கும் நண்டோ குறைந்துகொண்டே போனது. அதனால் 2000இல் கூடுகளைப் படிப்படியாகக் குறைக்கும் சட்டம் பிறந்தது.

ஆய்வும் சட்டமும்

1970களின் பிற்பகுதியில் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில் நடந்த ஆய்வு, முளைக்கும் என்ற நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தது. ஒரு கொடுக்கு இழந்த நண்டுகளில் 28 விழுக்காடும் இரண்டும் இழந்தவற்றில் 47 விழுக்காடும் இறந்தன. முளைப்பதற்கு நண்டு முதலில் பிழைத்திருக்க வேண்டும் என்பதை இந்த எண்கள் உணர்த்தின.

2020இல் விதிகள் இறுகின. கொடுக்கின் குறைந்தபட்ச நீளம் 2 3/4 அங்குலத்திலிருந்து 2 7/8 அங்குலமாக உயர்ந்தது. மே 15 வரை நீண்ட பிடிப்புப் பருவம் இப்போது மே 1 அன்றே முடிகிறது. சிறு நண்டுகள் தப்பிச் செல்லக் கூடுகளில் வளையம் பொருத்தவும் விதி வந்தது. சினை நண்டின் கொடுக்கை எடுக்கவே கூடாது.

முடிவுரை

குறைந்தபட்ச அளவை எட்டியிருந்தால் இரு கொடுக்குகளையும் ஒடிக்கச் சட்டம் இன்னமும் அனுமதிக்கிறது. ஆய்வு முடிவுகளோடு இது பொருந்தவில்லை. ஒரு கொடுக்கையாவது நண்டிடம் விட்டுவைப்பதைக் கட்டாயமாக்குவதே அடுத்து எடுக்கவேண்டிய படி.