எடையா, எண்ணிக்கையா?

ஒரு தட்டில் நன்னீரும் மற்றொன்றில் உப்புநீரும் வைத்தால், உப்புநீரே மெதுவாக வற்றும். கரைந்த பொருள் நீரின் ஆவியழுத்தத்தைக் குறைத்துவிடுவதே இதற்குக் காரணம். எவ்வளவு குறைக்கிறது என்ற கேள்வி பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞரை நெடுங்காலம் வாட்டியது.

கரைபொருளின் அளவு மிகுந்தால் அழுத்தக் குறைவும் அதே விகிதத்தில் மிகும் என்பதை ஜெர்மானிய அறிஞர் வுல்னர் 1850களில் கண்டார். ஆனால் ஒரே எடையுள்ள இரு வேறு பொருள்கள் வேறு வேறு விளைவைத் தந்தன. எடை என்னும் அளவுகோல் போதவில்லை.

பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரில் 1867 முதல் பணியாற்றிய பிரான்சுவா ரௌல்ட் என்ற பேராசிரியர் இப்புதிரை விடுவித்தார். 1878இல் அவர் முதலில் ஆராய்ந்தவை உப்புக் கரைசல்கள். பின்னர் சர்க்கரை போன்ற கரிமப் பொருள்களின் பக்கம் திரும்பினார். அங்கே எளிய ஒழுங்கு தென்பட்டது. விளைவை நிர்ணயிப்பது கரைபொருளின் எடையன்று, அதன் மூலக்கூறுகளின் எண்ணிக்கையே! 1887இல் அவர் பொதுவிதியை வெளியிட்டார். ஆவியாகாத பொருளின் நீர்த்த கரைசலில், ஆவியழுத்தம் குறையும் விகிதம் கரைபொருளின் மோல் பின்னத்துக்குச் சமம்.

ஓர் உதாரணம் காண்போம். 1000 கிராம் நீரில் ஏறத்தாழ 55.5 மோல் உள்ளது. அதில் 60 கிராம் யூரியாவைக் கரைத்தாலும், 342 கிராம் கரும்புச் சர்க்கரையைக் கரைத்தாலும், சேர்வது ஒரே மோல்தான். மோல் பின்னம் 56.5இல் ஒரு பங்கு. 25 டிகிரி சென்டிகிரேடில் நீரின் ஆவியழுத்தம் 23.8 மில்லிமீட்டர். இரு கரைசல்களிலும் அது சுமார் 0.4 மில்லிமீட்டர் குறையும்.

ஆனால் ஒரு மோல் சமையல் உப்பு, அதாவது 58.5 கிராம், ஏறக்குறைய இருமடங்கு குறைவைத் தருகிறது. இதனை வெறும் பிழையென்று ஒதுக்கியிருந்தால் ரசாயனம் பெரும் இழப்பை அடைந்திருக்கும். சுவீடன் நாட்டு இளைஞர் அர்ரீனியஸ், உப்பு நீரில் கரையும்போது மின்னூட்டம் பெற்ற இரு துகள்களாகப் பிரிகிறது என 1887இல் விளக்கினார். 1884இல் உப்சாலாப் பல்கலைக்கழகம் அவருடைய ஆய்வேட்டுக்குத் தாழ்ந்த தரமே அளித்திருந்தது. ரௌல்ட்டின் அளவீடுகள் இப்போது அவருக்குச் சான்றாக நின்றன. 1903இல் நோபெல் பரிசு அவரை நாடி வந்தது.

மாணவ நேயர்களே! சரியான அளவுகோல் விதியைக் காட்டியது. அவ்விதிக்கு அடங்காத உப்பு அடுத்த உண்மைக்கு வழிகாட்டியது. உங்கள் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் பொருந்தாத எண் ஒன்று தோன்றினால், அதை அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்.