நடப்பவர்கள் கட்டிய பந்தல்கள்

கணினி விளையாட்டுகளின் கதையை எழுதுகிறவர்கள் நம் காலத்தின் பெரிய மாற்றமாக ஒன்றைச் சொல்வதுண்டு. விளையாட்டைச் செய்து விற்கும் நிறுவனம் களத்தையும் கருவிகளையும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள, ஆடுகிறவர்களே லெவல்களைக் கட்டி ஒருவருக்கொருவர் ஆடக் கொடுக்கிறார்கள் என்பதே அது. ஓடியும் தாவியும் பள்ளம் தாண்டியும் போகும் பிளாட்ஃபார்ம் விளையாட்டுகளில் இந்தப் பழக்கம் வெகு முன்பே வேர்பிடித்துவிட்டது. 1983இல் வந்த ‘லோட் ரன்னர்’ லெவல் கட்டும் கருவியோடுதான் விற்பனைக்கு வந்தது; மறு ஆண்டு வெளியான ‘சாம்பியன்ஷிப் லோட் ரன்னர்’ ரசிகர்கள் செய்த லெவல்களைக் கோத்து உருவானது. பிறகு இணையம் வந்தது. 2008இல் ‘லிட்டில்பிக்பிளானட்’, 2010இல் ஆடுவோர் எல்லோரும் எலிகளாகக் கூட்டமாக ஓடும் ‘டிரான்ஸ்ஃபார்மைஸ்’, 2015இல் ‘சூப்பர் மாரியோ மேக்கர்’. பேய்வீடு, கடலடி, பனிமலை என்று ஆளுக்கொரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு இலட்சக்கணக்கானோர் கட்டித் தள்ளினார்கள். இது கணினி பெற்ற பிள்ளை என்பது பொதுவான எண்ணம். எனக்கு அது சரியாகப் படவில்லை. பாதை ஒருவருடையது, பாதை நெடுக நிற்கும் கட்டங்கள் அதில் போகிறவர்களுடையது என்ற ஏற்பாடு மலேசியாவின் பினாங்கில் நடக்கும் தைப்பூசத்தில் இந்த விளையாட்டுகளுக்கெல்லாம் முன்பே இருந்தது. அங்கே முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் நிற்கும் தண்ணீர்ப் பந்தல்களைத்தான் சொல்கிறேன். இன்று நாம் அறிந்த பினாங்குப் பூசத்தை ரதமும் கோயிலும் உருவாக்கியதைவிட அதிகமாக இந்தப் பந்தல்காரர்களே உருவாக்கினார்கள் என்பது என் வாதம்.

முதலில் எது யாருடையது என்று பார்த்துவிடலாம். பினாங்கு ஸ்திரீட்டில் வட்டிக்கடை நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அதே தெருவில் கோவில் வீடு வைத்தார்கள். அருவிச் சாலையில் 1850களில் முருகனுக்குக் கோயில் எழுப்பினார்கள். 1894இல் தமிழகத்திலிருந்து வெள்ளி ரதத்தை வரவழைத்தார்கள். பூசத்துக்கு முதல் நாளான செட்டிப்பூசத்தன்று மாடுகள் பூட்டிய அந்த ரதம் கோவில் வீட்டிலிருந்து கிளம்பி நாள் முழுக்க ஊர்ந்து செட்டியார் கோயிலுக்குப் போகும். கோயில் சொத்துகளை மேற்பார்வையிட ஆங்கில அரசு கொண்டுவந்த 1906ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியில்தான் இன்றைய பினாங்கு இந்து அறப்பணி வாரியம் இயங்குகிறது. மலைமேல் 513 படிகளுக்கு அப்பால் இருக்கும் பாலதண்டாயுதபாணி ஆலயம் புதிதாகக் கட்டப்பட்டு 2012இல் குடமுழுக்குக் கண்டது. 2017இல் வாரியம் தன் பங்குக்கு ஒரு தங்க ரதத்தை இறக்கி, அதில் முருகனின் வேலை வைத்து, குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து புறப்பட வைத்தபோது, ஒரு ஊருக்கு இரண்டு ரதமா என்ற சர்ச்சை நன்றாகவே சூடு பிடித்தது. சர்ச்சையில் யார் சரி என்பதற்குள் நான் போகவில்லை. ரதமானாலும் மலையானாலும் அதற்கு ஒரு உரிமையாளர் உண்டு, உரிமையாளர்களுக்குள்தான் வழக்கு நடக்கும் என்பதற்கு அது போதுமான சான்று. இதில் எங்குமே வராத ஒரு கூட்டம் இருக்கிறது. பினாங்குத் துறைமுகத்தில் வந்திறங்கி, எதிர்க்கரையில் அப்போது வெல்லெஸ்லி மாநிலம் எனப்பட்ட செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கும், சாலை வேலைக்கும், கப்பலில் மூட்டை தூக்கவும் போன தமிழர்கள் அவர்கள். காணிக்கை போடலாம், காவடி எடுக்கலாம். ரதம் எப்போது புறப்படும், எங்கே நிற்கும் என்று சொல்லும் இடத்தில் அவர்கள் இல்லை. அவர்களுக்கென்று எஞ்சியது சாலையோரம்.

சாலையோரத்தில் என்ன செய்வது என்பதை அவர்கள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. வழிநடைப் பயணிகளுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைப்பது தமிழ்நாட்டில் பழைய அறம். சோழர் காலக் கல்வெட்டுகளில் தண்ணீர்ப் பந்தலுக்கு நிலம் விட்ட செய்திகள் உண்டு. பெரியபுராணத்தில் வரும் அப்பூதியடிகள் கதை இங்கே முக்கியமானது. திங்களூரில் அவர் வைத்த பந்தலில் தம் பெயரைப் போடவில்லை. தாம் கண்ணால் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரை எழுதி வைத்தார். வழியே வந்த நாவுக்கரசர் நிழலைப் பார்த்து வியந்து, பிறகு பெயரைப் பார்த்துத் திகைத்தார். பந்தல் என்பது தண்ணீர் ஊற்றும் இடம் மட்டுமாக இருந்திருந்தால் பெயர் எதற்கு? யாரை நினைத்து வைத்தது, யார் வைத்தது என்பதைப் போகிறவர்களுக்குச் சொல்வதும் பந்தலின் வேலையாக அப்போதே இருந்திருக்கிறது. ஆகவே பினாங்கில் ஒரு குழு தன் பந்தலைப் பழனிமலையாகவோ அறுபடை வீடாகவோ தோகை விரித்த மயிலாகவோ கட்டி நிறுத்தும்போது, பழைய அறத்தில் புதிதாக எதையோ கலந்துவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெயர்ப் பலகை பெரிதாகி உருவம் எடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அது அவ்வளவு பெரிதானதற்கு ஒரு பொருளாதாரக் காரணமும் உண்டு. 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிகத் தொழிற்பேட்டை தொடங்கி, இன்டெல் முதலிய மின்னணு நிறுவனங்கள் வந்து இறங்கின. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் ஷிஃப்ட் வேலைக்குப் போனார்கள். அதுவரை தோட்டத்துக்காரர், துறைமுகத்துக்காரர் என்று சேர்ந்தவர்கள் இப்போது ஒரே தொழிற்சாலைக்காரர், ஒரே அடுக்குமாடிக்காரர், ஒரே இளைஞர் மன்றத்துக்காரர் என்று சேர்ந்தார்கள். கையில் மாதச் சம்பளம். பினாங்கில் பூசத்துக்குப் பொது விடுமுறை. கூட்டத்தில் மின்சார வேலை தெரிந்தவர் ஒருவர், இரும்பு ஒட்டத் தெரிந்தவர் ஒருவர் எப்படியும் இருப்பார். மூங்கிலும் கீற்றும் இருந்த இடத்தில் இரும்புக் குழாய்ச் சாரமும் கூடாரமும் ஏறின, எண்ணெய் விளக்கு இருந்த இடத்தில் சர விளக்கு ஓடியது. இன்றைக்கும் ஒரு பந்தலின் முன்னால் நின்று பார்த்தால் இரண்டு பந்தல்கள் தெரியும். மேலே மின்னுகிற மயிலும் வேலும். கீழே பழைய பந்தல் அப்படியே: பனிக்கட்டி மிதக்கும் பீப்பாயில் சிவப்பு சிராப், இன்னொன்றில் நீர்மோர், மேசையில் பொட்டலம் போட்ட தயிர்சாதமும் மீகூனும், ரப்பர் குழாயைப் பிடித்துத் தார்ச்சாலையை நனைத்துக்கொண்டே நிற்கும் ஒரு பையன். வெறுங்காலோடு வருகிறவருக்கு மதியத் தாரின் சூடு என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியும்.

அந்தப் பையனைக் கொஞ்சம் கவனிக்கச் சொல்கிறேன். ‘சூப்பர் மாரியோ மேக்கர்’ விளையாட்டில் ஒரு விதி இருந்தது: ஒருவர் தான் கட்டிய லெவலை மற்றவர்களுக்கு விடுவதற்கு முன், அதைத் தானே ஆடிக் கடந்து காட்ட வேண்டும். கடக்க முடியாத பாதையைப் பிறர் தலையில் கட்டக் கூடாது என்பது அதன் நியாயம். தண்ணீர்மலைச் சாலையில் இதை எழுதி வைக்க வேண்டிய தேவை வரவில்லை. பந்தல் போடுகிறவர்களில் பலர் தாங்களே காவடி எடுத்தவர்கள், அல்லது காவடிக்குத் துணையாக நடந்தவர்கள். அதனால்தான் பந்தலின் முன்புறம் அகலமாக, தடையில்லாமல் விடப்படுகிறது. செடில் குத்திப் பின்னாலிருந்து இழுக்கப்படும் காவடி அங்கே சுழன்று திரும்ப இடம் வேண்டும். உறுமி மேளக்காரர்கள் எங்கே மூச்சு வாங்குவார்கள், எங்கே ஏற்றம் ஆளைத் தளர்த்தும், எங்கே ஒரு பாட்டு போட்டால் தளர்ந்தவர் மறுபடி ஆடுவார் என்பதெல்லாம் நடந்த கால்களுக்குத்தான் தெரியும். கோயில் நிர்வாகம் ஒப்பந்தக்காரரை வைத்து வரிசையாக ஒரே மாதிரியான நீர்க் கூடங்களைக் கட்டியிருந்தால் தாகம் தீர்ந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு பந்தலும் ஒரு தனிக் கட்டமாக, ஒவ்வொன்றிலும் காவடி நின்று ஆடி, தெளிந்து, அடுத்ததை நோக்கிப் போகும் இந்த நடை வந்திருக்காது. பூசத்துக்குப் பேர்போன இன்னொரு தலமான பத்துமலையின் சிறப்பு குகைக்கும் படிக்கும் உரியது. பினாங்கின் சிறப்பு மலையேறும் முன் கடக்கும் சாலைக்கு உரியது. சீன பக்தர்கள் ரதத்துக்கு முன் மலையளவு தேங்காய் குவித்து உடைப்பதும், தங்கள் பங்குக்குப் பானம் கொடுப்பதும் இந்தச் சாலையில்தான் வளர்ந்தது. உரிமையாளர் இல்லாத ஓரத்தில்தான் அப்படிச் சட்டென்று ஒருவர் புதிதாக நுழைந்து நிற்க முடியும்.

இதை ஏற்காதவர்கள் சொல்லும் குறைகள் லேசானவை அல்ல. முதலாவது சத்தம். பக்கத்துப் பக்கத்துப் பந்தல்கள் போட்டி போட்டு ஒலிபெருக்கியை ஏற்றுகின்றன. இரண்டு பாட்டும் காதில் விழாமல் நெஞ்சில் அதிர்வு மட்டும் விழுகிறது. இடையிடையே சினிமாக் குத்துப்பாட்டு. இது உண்மை. பக்திப் பாடல் மட்டும், இத்தனை மணி வரை மட்டும் என்று அதிகாரிகள் கட்டுப்பாடு போடுவதும், அதில் சிலர் ஓட்டை தேடுவதும் பழகிப்போன காட்சி. ஆனால் இந்தக் குறையே என் வாதத்துக்குச் சாதகமாக நிற்கிறது. ரதத்தின் நாதஸ்வரத்துக்கு யாரும் விதி எழுதுவதில்லை. அதற்கு ஒரு எஜமானர் இருக்கிறார். எஜமானர் இல்லாமல் பலர் கட்டும் இடத்தில்தான் பொது விதி தேவைப்படுகிறது. ஆடுவோர் கட்டும் விளையாட்டுகளிலும் அதே கதைதான்: கேவலமான லெவல்கள் குவிந்தன, நிறுவனங்கள் வடிகட்டி வைத்தன, வடிகட்டியைப் பற்றிச் சண்டை வந்தது. நூறு பந்தலில் பத்து கூச்சலாக இருப்பது பலர் கட்டுவதற்கு நாம் கொடுக்கும் விலை. விலை அதிகம் என்று ஒருவர் சொல்லலாம். மருத்துவமனைப் பக்கம் குடியிருப்பவர் சொன்னால் நான் மறுத்துப் பேச மாட்டேன்.

இரண்டாவது குறை விரயம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாகத் தேங்காய் உடைப்பின் அளவைக் கண்டித்து வந்திருக்கிறது. அதே கேள்வியை மூன்று நாளைக்காகக் கட்டிப் பிரித்துப்போடும் அலங்காரத்தின் மீதும் கேட்கலாம். நெகிழி நுரையில் செய்த மயில் குப்பைக்குத்தான் போகிறது. அந்தப் பணத்தில் ஒரு தமிழ்ப்பள்ளிக்குக் கூரை போடலாமே என்ற பேச்சு ஒவ்வொரு தையிலும் கேட்கும். நெகிழியைப் பற்றிச் சொல்வதை முழுக்க ஏற்கிறேன், அதற்குப் பதில் கிடையாது. பணத்தைப் பற்றிய கணக்கில் மட்டும் ஒரு பிழை இருக்கிறது. அந்தப் பணம் எங்கோ சும்மா கிடந்து, பள்ளிக்கும் பந்தலுக்கும் நடுவில் முடிவுக்குக் காத்திருந்த பணமல்ல. பந்தல் வேலைதான் அந்தக் குழுவைக் கூட்டியது, கூடிய குழுதான் வசூலித்தது. பந்தலை எடுத்துவிட்டால் வசூலும் சேர்ந்தே போய்விடும். மூன்றாவதாக, நிறுவனங்களின் விளம்பரப் பதாகை பந்தலில் ஏறிவிட்டது என்கிறார்கள். ஏறியிருக்கிறது. செட்டியாரின் வெள்ளி ரதமும் வட்டிக்கடையின் செல்வாக்கை ஊருக்குக் காட்டியதுதான். நூறாண்டு கடந்தால் விளம்பரம் பாரம்பரியம் ஆகிவிடுகிறது என்பது வேடிக்கை.

2021இல் கொள்ளைநோய் காரணமாகப் பினாங்கில் சாலையோரப் பந்தல்கள் இல்லை, காவடிகள் இல்லை. கோயிலுக்குள் பூசை நின்றுவிடவில்லை. நாள், நட்சத்திரம், அபிஷேகம் என்று சாத்திரம் கேட்பதெல்லாம் நடந்தது. ஆனாலும் அந்த ஆண்டு பூசம் நடக்கவில்லை என்றே ஊர் பேசியது. எது இல்லாமல் போனதால் அப்படிப் பேசினார்களோ, அதைச் செய்தவர்களே அந்த விழாவின் ஆசிரியர்கள் என்று கொள்வதில் தவறிருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இருந்தும் பினாங்குப் பூசத்தின் வரலாறு என்று எதை எடுத்துப் படித்தாலும் 1894, 2012, 2017 என்ற ஆண்டுகளே வரிசையாக நிற்கும். வெள்ளிக்கும் கல்லுக்கும் தங்கத்துக்கும் தேதி உண்டு. மூன்றாம் நாள் பிரித்து லாரியில் ஏற்றும் சாரத்துக்குக் கிடையாது. ‘சூப்பர் மாரியோ மேக்கர்’ முதல் பாகத்தின் இணைய சேவை 2024 ஏப்ரலில் மூடப்படவிருந்தபோது, அதுவரை எவரும் கடக்காத லெவல்களைத் தேடித் தேடி ஆடி முடிக்க ஒரு ரசிகர் கூட்டம் முனைந்தது. முன்பின் தெரியாதவர் கட்டியது யாரும் கடக்காமல் அழியக் கூடாது என்ற அக்கறை அதில் இருந்தது. பந்தல் போட மாநகர் கழகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி என்றால் விண்ணப்பம், விண்ணப்பம் என்றால் குழுவின் பெயரும் நிற்கும் இடமும். தண்ணீர்மலைச் சாலையின் சரித்திரத்தை எழுத நினைப்பவர் செட்டியார் கணக்கேடுகளுக்குப் போகும் முன் அந்த விண்ணப்பக் கட்டுகளையும், வீடுகளில் கிடக்கும் குழுப் படங்களையும் கேட்டுப் பார்க்கட்டும்.