சேதுக்கரையில் வில்லேந்திய ராமன்: ரவிவர்மாவின் கடைசிப் படங்களில் ஒன்றும் நாடக மேடை வாதமும்

ரவிவர்மாவின் புராணப் படங்கள் நாடக மேடையிலிருந்து இறங்கி வந்தவை என்பது ஆய்வுலகில் ஏறத்தாழ முடிந்த முடிபாகிவிட்டது. முள்ளெடுக்கும் சாக்கில் திரும்பிப் பார்க்கும் சகுந்தலைக்கு அது பொருந்தக்கூடும். மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்காக 1906இல் முடித்த படங்களுள் ஒன்றான, வருணனை ராமன் பணியவைக்கும் காட்சிக்கு அது பொருந்தாது என்பது என் துணிபு.

மேடை வாதத்தின் முதன்மைச் சான்று, ரவிவர்மாவின் தம்பி சி. ராஜராஜவர்மா எழுதிய நாட்குறிப்பு. சகோதரர்கள் பம்பாயில் நாடகம் பார்த்த செய்தி அதில் வருகிறது; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நாட்குறிப்பு 1904ஓடு நின்றுவிடுகிறது. 1905இன் தொடக்கத்தில் தம்பி இறந்துபோகிறார். அவர் எழுதியதை வைத்து, அவர் பாராத ஒரு படத்தின் தோற்றுவாயை நிறுவ முடியாது. 1890களில் பழகிய கண் அடுத்த பத்தாண்டிலும் அப்படித்தானே பார்க்கும் என்று கேட்கலாம். பார்க்கலாம்தான். ஆனால் அப்போது சான்று நாட்குறிப்பில் இல்லை, படத்தில்தான் இருக்க வேண்டும்.

தம்பியின் மறைவுக்கு இன்னொரு விளைவும் உண்டு. நிலக்காட்சியில் கை தேர்ந்தவர் அவர்; அண்ணனின் பல படங்களில் பின்புலம் அவர் தீட்டியது. மைசூர்ப் படத்தின் கடல் அவர் இல்லாத காலத்துக் கடல். வேறு உதவிக் கைகள் இருந்திருக்கலாம். எனினும் ஒரு பின்புல ஓவியரிடம் ஒப்படைத்த கடலாக அது தெரியவில்லை. படத்தின் எடை முழுவதும் அதன்மேல்தான் இருக்கிறது.

படத்துக்கு வருவோம். பாறைமீது ராமன், கையில் வில், புயல் கவிந்த வானம், கீழே கொந்தளிக்கும் நீரிலிருந்து துணைவியரோடு எழும் வருணன். நாடகங்களிலும் கடல் 'சீன்' உண்டே என்பார் உண்டு. திரைச்சீலையில் எழுதிய கடல் நடிகனுக்குப் பின்னால் தொங்கும். அவன் அதற்கு முதுகு காட்டி அவையைப் பார்த்துப் பேசுவான். இங்கே கடல் எதிராளி. ராமனின் சீற்றம் முழுவதும் அதை நோக்கித்தான். அவையினர்க்கு அதில் பங்கில்லை.

பாறையைக் காட்டி இது மேடை அமைப்புத்தான் என்று வாதிடுவோர்க்கு, ராமன் கடலை எதிர்கொண்ட இடமாகச் சொல்லப்படும் சேதுக்கரை ஒருவகையில் துணைநிற்கிறது. திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரைக்குப் போகிறவர் காண்பது தட்டையான மணற்கரை. மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் ராமேசுவரத்து மீனவர் பிரித்துச் சொல்வர். அந்த ஆண்கடலின் அலையைக்கூடக் கரைக்கு வெளியே உள்ள தீவுகளும் பவளப் பாறைத் திட்டுகளும் பெரிதும் தணித்துவிடும். படத்திலுள்ள உயர்ந்த பாறை இந்த இடத்தைப் பார்த்து வரைந்ததன்று. இடத்தைப் பார்த்து வரையவில்லை என்பதால் மேடையைப் பார்த்து வரைந்தார் என்று ஆகிவிடாது.

திருப்புல்லாணி ஆதிஜகந்நாதர் கோயிலில் ராமன் கிடந்த கோலத்தில் இருக்கிறான்: தர்ப்பசயனம். வழிவிடும்படி கடலரசனை வேண்டிப் புல்லில் கிடந்தது வான்மீகியில் மூன்று இரவு, கம்பனில் ஏழு நாள். கரையின் கோயில் வழிபடுவது அந்தக் காத்திருப்பை. ரவிவர்மா எடுத்துக்கொண்டது காத்திருப்பு முறிந்த கணத்தை. ராமநாதபுரம் ராமலிங்க விலாச அரண்மனையின் 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களில் ராமகதை வரிசை வரிசையாக ஓடுகிறது. ஒரே ராமன் திரும்பத் திரும்ப வருவான், முன்னும் பின்னும் கண்ணெதிரே இருக்கும். சட்டமிட்ட எண்ணெய் ஓவியத்துக்கு அந்த வசதி இல்லை. ஒரே கணத்தில் கதையைச் சொல்லியாக வேண்டும் என்பதால் மிகக் கொதிப்பான கணத்தை அது தேர்கிறது. நாடகத்தன்மை என்று நாம் அழைப்பதில் பெரும்பகுதி இந்தத் தேர்வுதான். அதற்குப் பம்பாயின் பார்சி நாடக மேடை தேவையில்லை, காவியமே போதும்.

பிறகு மேடைச் சாயல் எங்கிருந்து வந்தது? கல்லச்சிலிருந்து என்பேன். பெரும்பாலான ஆய்வுகள் கையாள்வது மைசூர் ஜகன்மோகன் அரண்மனையிலுள்ள மூலத்தை அல்ல, அச்சுப்படத்தை. ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் 1899இல் லோனாவ்லாவுக்கு அருகிலுள்ள மளவ்லிக்குப் பெயர்ந்து, பின்னர் ஜெர்மானியர் ஃப்ரிட்ஸ் ஷ்லைகரின் கைக்குப் போனது. 1906 அக்டோபர் 2ஆம் நாள் ஓவியர் காலமானார். ஆகவே அந்த ஆண்டுப் படம் அச்சேறியதில் அவர் கைபட வாய்ப்பு மிகக் குறைவு. கல்லச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். வண்ணத்தின் சாயல்களைப் புள்ளிபுள்ளியாகப் பிரித்துக் கல்லில் ஏற்றுபவர் அச்சகக் கைவினைஞர். தூரிகை கரைத்த விளிம்பை அவர் கோடாக்கித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கல்லின் நிறம் பொருந்தி உட்காராது. உருவம் பின்புலத்திலிருந்து பெயர்ந்து, விளக்கொளியில் நிற்கும் நடிகனைப்போல் முன்னே வருகிறது. மேல்பூச்சு வார்னிஷ் மினுமினுப்பையும் கூட்டிவிடுகிறது.

பூசையறைகளை அடைந்த ராமன் அந்தக் கைவினைஞர்கள் தந்த ராமன். அவர்களுடைய வேலையை ஓவியரின் நாடக ரசனையாக எழுதிவைத்திருக்கிறோம். அச்சுப்படங்களின் அடியிலுள்ள அச்சக முத்திரைகளை வைத்துப் பதிப்புகளை முன்பின்னாக நிரல்படுத்தி, ஒவ்வொன்றையும் மைசூர் மூலத்தின் அருகே வைத்துப் பார்க்கும்வரை இந்தக் கணக்கு நேராகாது.