ஐஸ் ஹவுஸ் வரை

சென்னைக்கு வரும் உறவினர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது ஒரு தனிக் கலை. அதில் கைதேர்ந்தவர்கள் விருந்தாளிகளை வண்டியில் ஏற்றி உட்கார வைத்து, "இது காந்தி சிலை, அது கண்ணகி சிலை, அதோ தெரிகிறதே, அது அண்ணா சமாதி" என்று ஒரே மூச்சில் சொல்லி, அரை மணி நேரத்தில் சரித்திரம் முழுவதையும் முடித்து, டிபன் வேளைக்குச் சரியாக வீட்டில் கொண்டு வந்து சேர்த்து விடுவார்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. என்னோடு வருகிறவர்கள் நடக்க வேண்டும். நடுத்தெருவில் நான் நின்றால் அவர்களும் நிற்க வேண்டும். ஆகையால் என்னோடு யாரும் வருவதில்லை. இப்போது நேயர்கள் அகப்பட்டுக் கொண்டிருக்கிறீர்கள்.

பயப்பட வேண்டாம், தூரம் அதிகமில்லை. திருவல்லிக்கேணி துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் புறப்பட்டு, பாரதி சாலை வழியாகக் கடற்கரையை அடைந்து, அங்கே நிற்பவர்களைக் கண்டு கொண்டு, ஐஸ் ஹவுஸில் முடித்துக் கொள்ளலாம்.

முதலில் பார்த்தசாரதிப் பெருமாள். பல்லவன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இந்தக் கோயிலில் இருக்கிறது. சென்னப்பட்டினம் என்ற பெயருக்கே எண்ணூறு வருஷம் மூத்த கோயில். உற்சவ மூர்த்தியின் முகத்தில் தழும்புகள் உண்டு. அர்ஜுனனுக்குத் தேர் ஓட்டியபோது பீஷ்மருடைய அம்புகள் பட்ட வடு என்பார்கள் பெரியவர்கள். பட்ட காயத்தை மறைக்காமல் முகத்திலேயே வைத்துக் கொண்டிருக்கும் இந்தப் பெருமாளைவிடப் பெரிய ஞாபகச் சின்னம் இந்த வட்டாரத்தில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இந்தக் கோயிலின் யானைதான் 1921-ஆம் வருஷத்தில் பாரதியாரைத் தள்ளியது. குவளைக் கண்ணன் பாய்ந்து போய்த் தூக்கி வந்தார். யானை தள்ளித்தான் கவிஞர் இறந்தார் என்று இன்னும் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அந்தக் காயங்கள் ஆறி, அவர் மறுபடியும் 'சுதேசமித்திரன்' ஆபீசுக்குப் போய் வந்து கொண்டிருந்தார். சில மாதங்களுக்குப் பின் வயிற்றுக்கடுப்பு கண்டு, செப்டம்பர் 11-ஆம் தேதி நள்ளிரவு கடந்து உயிர் பிரிந்தது. முப்பத்தொன்பது வயது பூர்த்தியாகவில்லை. கிருஷ்ணாம்பேட்டை மயானத்துக்கு உடன் போனவர்கள் இருபது பேர்கூட இல்லை.

அவர் கடைசியாகக் குடியிருந்த வீட்டை 1993-ல் சர்க்கார் வாங்கி, பாரதியார் இல்லமாக்கியிருக்கிறார்கள். உள்ளே படங்கள், புத்தகங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நல்ல காரியந்தான். ஆனால் அங்கே போகும் போதெல்லாம் எனக்குக் கவிஞரைக் காட்டிலும் அந்த வீட்டில் மிஞ்சி நின்ற அம்மாளைப் பற்றிய நினைப்பே அதிகமாக வருகிறது. ஏழு வயதில் கல்யாணமாகி, இரண்டு பெண்களோடு நிர்க்கதியாக நின்ற செல்லம்மாள், தம் சகோதரரின் துணையுடன் 'பாரதி ஆச்ரமம்' என்று ஒன்றை ஏற்படுத்தி, 1922-லேயே கணவரின் பாட்டுக்களை அச்சுப் போட ஆரம்பித்தார். பாரதிக்கு முதல் ஞாபகச் சின்னம் எழுப்பியது சர்க்காரும் அல்ல, சங்கமும் அல்ல. துக்கம் கலையாத அந்தப் பெண்மணிதான்.

அந்தக் காலத்தில் கணவனை இழந்த பிராம்மணப் பெண்ணின் கதி என்ன என்பதை இப்போதுள்ள இளைஞர்களுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டும். தலையை மழித்து, நார்மடிப் புடவையைச் சுற்றி, சமையலறை இருட்டில் தள்ளி விடுவார்கள். எட்டு வயதானாலும் சரி, எண்பது வயதானாலும் சரி. அ. மாதவையா 1903-ல் 'முத்துமீனாக்ஷி' என்ற நாவலை எழுதியது இந்த விஷயத்தைப் பற்றித்தான். திருவல்லிக்கேணியும் இதைப் பற்றி ஓயாமல் வாதம் செய்து கொண்டிருந்தது. 1878-ல் ஆறு இளைஞர்கள் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, எண்பது பிரதிகள் அச்சிட்டு 'ஹிந்து' பத்திரிகையைத் தொடங்கினார்களே, 'திருவல்லிக்கேணி அறுவர்' என்று பெயர் பெற்றவர்கள், அவர்களில் ஒருவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். பாரதியை 1904-ல் மதுரையிலிருந்து 'சுதேசமித்திர'னுக்கு அழைத்து வந்தவரும் அவரே. சிறு வயதில் விதவையாகி விட்ட தம் மகளுக்கு 1889-ல் அவர் பம்பாயில் மறுமணம் செய்து வைத்தார். அதற்காக ஜனங்கள் அவரை ஒதுக்கி வைத்தார்கள். பத்திரிகையில் சீர்திருத்தத் தலையங்கம் எழுதினால் படித்துப் பாராட்டியவர்கள், அவர் வீட்டில் கை நனைக்க மறுத்தார்கள்.

சரி, கடற்கரைக்குப் போவோம். பைகிராப்ட்ஸ் ரோடு என்று என் வயதுக்காரர்கள் இன்னமும் சொல்லும் பாரதி சாலையின் இரு புறமும் பழைய புத்தகக் கடைகள். எங்கும் நிற்காமல் நடந்து வந்தேன் என்று சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். அதை விட்டு விடுவோம்.

சாலை முடிகிற இடத்தில் மணல். 1907-ஆம் வருஷம் மே மாதம் வங்காளத்துச் சிங்கம் விபின சந்திர பாலர் பேசியதும், ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடிக் கேட்டதும் இந்த மணலில்தான். அவரை இங்கே வரவழைத்தவர்களில் பாரதியும் ஒருவர். 1923-ல் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினம் கொண்டாடியபோது இரண்டு கூட்டங்களில் ஒன்று இங்கேதான் நடந்தது. பிற்காலத்தில் சீரணி அரங்கம் என்று ஒரு மேடை எழுந்தது. அதையும் 2003-ல் இடித்து விட்டார்கள். மணலுக்கு ஞாபக சக்தி கிடையாது. ஆகவே மனிதர்கள் கல்லையும் வெண்கலத்தையும் தேடிப் போகிறார்கள்.

அவற்றுக்கும் இங்கே பஞ்சமில்லை. கொஞ்சம் வடக்கே போனால் தேவிப்பிரசாத் ராய் சௌதுரியின் உழைப்பாளர் சிலை, 1959-ல் வைத்தது. நாலு பேர் பாறையைப் புரட்டுகிறார்கள். முதுகு நரம்பு ஒவ்வொன்றும் நமக்குத் தெரிகிறது. பெயரில்லாத மனிதர்களுக்கு எடுத்த சிலைகளில் இதற்கு இணையாக வேறொன்றை நான் பார்த்ததில்லை. மற்றவர்களெல்லாம் பெரும்பாலும் 1968-ல் நடந்த இரண்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்து, ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கி விட்டவர்கள்: வள்ளுவர், ஒளவை, கம்பர், போப்பையர், கால்டுவெல், வீரமாமுனிவர், வ.உ.சி., பாரதி, பாரதிதாசன். இருபது பேர் தூக்கிக் கொண்டு போன பாரதி இங்கே முண்டாசோடு நிற்கிறார்.

கண்ணகியும் அப்போது வந்தவள்தான். தலைவிரி கோலமாக, கையில் சிலம்போடு நிற்கிறாள். 2001 டிசம்பரில் அவளை அப்புறப்படுத்தினார்கள். ஊரெல்லாம் ரகளை. 2006 ஜூனில் மறுபடியும் கொண்டு வந்து நிறுத்தினார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் கதையில் வந்த ஒரு விதவையின் சிலை நாலரை வருஷம் இடத்தில் இல்லை என்பதற்காக இத்தனை ஆத்திரப்பட்ட ஊர் இது என்பதை மட்டும் நேயர்கள் மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

சாலைக்கு எதிர்ப்புறம் பிரஸிடென்ஸி காலேஜ். அங்கிருந்து 1911-ல் பி.ஏ. பட்டம் பெற்று வெளியே வந்தார் ஆர். எஸ். சுப்புலட்சுமி. பதினோரு வயதில் கல்யாணம். சீக்கிரத்திலேயே கணவன் மரணம். ஆனால் பெற்றோர் அவர் தலைமுடியில் கை வைக்கவில்லை. படிக்க வைத்தார்கள். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் ஹிந்து விதவை அவரே. பட்டம் வாங்கியவர் வீட்டில் உட்கார்ந்து விடவில்லை. மறு வருஷமே எழும்பூரில், தம்மைப் போல் இளமையிலேயே கணவனை இழந்த நாலு பெண்களை வைத்துக் கொண்டு ஒரு சின்ன விடுதியைத் தொடங்கினார். வீட்டு நிர்வாகம் சித்தி வாலாம்பாளுடையது, அவரும் விதவை. பெண்கள் வந்து சேரச் சேர இடம் போதவில்லை. பெரிய வீடாகத் தேடினார்கள்.

கிடைத்த வீடுதான் ஐஸ் ஹவுஸ்.

இந்தக் கட்டடத்தின் கதையை யாராவது நாவலாக எழுதினால், நம்பத்தக்கதாக இல்லை என்று விமர்சகர்கள் தள்ளி விடுவார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் பிரெடரிக் டியூடர் என்று ஒரு வியாபாரி. மாரிக்காலத்தில் உறைந்து கிடக்கும் ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை வாளால் அறுத்து, மரத்தூளில் புதைத்து, கப்பலேற்றி விற்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. பைத்தியம் என்றார்கள். 1833-ல் கல்கத்தாவுக்கு 180 டன் அனுப்பினார்; நாலு மாதக் கடற்பயணத்தில் உருகியது போக 100 டன் போய்ச் சேர்ந்தது. தோரோ குடியிருந்த வால்டன் குளத்திலும் பனி வெட்டினார்கள். தம் குளத்து நீர் சென்னைவாசிகளின் தொண்டைக்குள் இறங்குவதை எண்ணி அவர் தம் புஸ்தகத்திலேயே வியந்திருக்கிறார். சென்னையில் அந்தப் பனிக்கட்டியைச் சேர்த்து வைக்க 1842-ல் கட்டிய கிடங்குதான் இது. பின்னால் யந்திரத்தில் பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் டியூடர் கம்பெனியின் வியாபாரமே உருகிப் போயிற்று.

பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் கட்டடத்தை வாங்கி, ஜன்னல்கள் வைத்து, 'காஸில் கெர்னன்' என்று பெயரிட்டார். 1897 பிப்ரவரி 6-ஆம் தேதி விவேகானந்தர் வந்து இறங்கியது அங்கேதான். சிகாகோவுக்கு அவரை அனுப்ப வீடு வீடாகப் பணம் திரட்டிய அளசிங்கப் பெருமாள் திருவல்லிக்கேணிக்காரர். ஆகவே இந்தப் பேட்டைக்கு அவரிடம் ஒரு சொந்தம் உண்டு. வண்டியிலிருந்த குதிரைகளை அவிழ்த்து விட்டு இளைஞர்களே இழுத்து வந்தார்களாம். ஸ்வாமி ஒன்பது நாள் தங்கினார், பிரசங்கங்கள் செய்தார். பிறகு அவர் அனுப்பிய ராமகிருஷ்ணானந்தர் 1906 வரையில் இங்கே மடம் நடத்தினார். அந்த வருஷம் வீடு ஏலத்துக்கு வந்தது.

1917-ல் சர்க்கார் இதை வாங்கியது. அதன் பின்பு, இருபது வருஷங்களுக்கு மேலாகச் சுப்புலட்சுமியின் பெண்கள் இங்கே இருந்தார்கள். பத்து வயது, பன்னிரண்டு வயதுக் குழந்தைகள். மழித்த தலையில் மயிர் மறுபடியும் வளர விட்டு, புத்தகம் எடுத்துக் கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். பக்கத்திலேயே 1922-ல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி ஏற்பட்டது; அதற்குத் தலைவியும் சுப்புலட்சுமிதான். விடுதியின் கதவு பிராம்மணப் பெண்களுக்கு மட்டும் திறந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை; அது அந்தக் காலத்தின் குறை, அந்த விடுதியின் குறையுங்கூட. ஆயினும் கதவைத் தாண்டி வெளியே போனவர்கள் எல்லா ஜாதிக் குழந்தைகளுக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள்.

அப்படிப் போனவர்களில் ஒருவர்தான் என் தாயாருக்கு வாத்தியார். 1930-களில் தஞ்சை ஜில்லாவில் ஒரு சிறிய ஊர். வெள்ளைப் புடவை, ஒரு தகரப் பெட்டி, ஒரு குடை: இவற்றோடு வந்து இறங்கிய அந்த அம்மாளை 'டீச்சர் மாமி' என்று அழைப்பார்களாம். காலையில் அவர் பள்ளிக்கூடம் போகும் வேளையில் வெளியே கிளம்பும் ஆண்கள், எதிரே அவரைக் கண்டால் திரும்பி வீட்டுக்குள் போய், ஒரு வாய்த் தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் புறப்படுவார்களாம். மாமிக்கு இது தெரியும். ஆகவே பத்து நிமிஷம் முந்தியே போய் விடுவார். "எங்கப்பாவும் திரும்பி வந்திருக்கார்டா" என்று என் தாயார் ஒரு தடவை சொன்னார். அப்படித் திரும்பி வந்தவருடைய பெண்தான் மாமியிடம் எட்டாவது வரை படித்து, பின்னாளில் எனக்குக் கடிதம் எழுதினார். மாமியின் பெயரைக் கேட்டேன். தாயாருக்குத் தெரியவில்லை. "மாமியை யாராவது பேர் சொல்லிக் கூப்பிடுவாளா?" என்றார்.

1963-ல் ஸ்வாமியின் நூற்றாண்டு விழாவின் போது இந்தக் கட்டடத்துக்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர் வந்தது. 1997-ல் ராமகிருஷ்ண மடத்தின் வசம் ஒப்படைத்தார்கள்; உள்ளே கண்காட்சி அழகாக இருக்கிறது, அவசியம் பாருங்கள். ஸ்வாமியின் பெயரில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஸ்வாமி தங்கிய ஒன்பது நாளுக்குச் சர்க்கார் பெயர் கொடுத்தது. டியூடரின் பனிக்கட்டிக்கு ஜனங்கள் பெயர் கொடுத்தார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குக்கூட இன்றைக்கும் ஐஸ் ஹவுஸ் என்பதே பெயர். என்றோ உருகிப் போன சரக்குக்கு அத்தனை விசுவாசம்! இருபது வருஷம் இந்த வட்டமான சுவர்களுக்குள் படித்து, விளக்கணைத்துத் தூங்கிய பெண்களின் பெயரால் இந்த வீட்டை யாரும் அழைப்பதில்லை. சகோதரி சுப்புலட்சுமிக்கு 1958-ல் பத்மஸ்ரீ கிடைத்தது, 1969-ல் காலமானார், மோனிகா பெல்ட்டன் என்ற ஆங்கிலப் பெண்மணி அவர் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியிருக்கிறார். அவரிடம் படித்தவர்களுக்கு அதுவும் இல்லை. ராய் சௌதுரி இருந்திருந்தால், தகரப் பெட்டியும் குடையுமாக ஒரு பெண்ணை இந்த வாசலில் நிறுத்தியிருப்பாரோ என்று எனக்கு ஒரு ஆசை.

சாயங்காலம் நாலரை மணிக்கு நான் வெளியே வந்தபோது, அடுத்த காம்பவுண்டிலுள்ள வெலிங்டன் கல்லூரியில் வகுப்பு விட்டிருந்தது. வருங்கால டீச்சர்கள் ஏழெட்டுப் பேர் பெரிதாகப் பேசிச் சிரித்துக் கொண்டு, நடைபாதை முழுவதையும் அடைத்தபடி வந்தார்கள். எதிரே வந்த பெரிய மனிதர் ஒருவர் ஒதுங்கிச் சாலையில் இறங்கி அவர்களுக்கு வழி விட்டார், நானும் இறங்கினேன்.