சென்னை உயர் நீதிமன்றமும் இணையகாலச் சட்டமும்

1862இல் தொடங்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்றம், தனியுரிமை, இணையக் கட்டுப்பாடு, பதிப்புரிமை ஆகிய மூன்றிலும் இந்தியச் சட்டத்தின் போக்கைப் பலமுறை அசைத்துப் பார்த்திருக்கிறது. கோடம்பாக்கத்தின் சினிமா வியாபாரமும், வழக்குக்கு அஞ்சாத தமிழ்ப் பத்திரிகைகளும் அதற்கு ஓயாமல் வேலை கொடுத்தன. முழு விசாரணைக்குப் பிறகு எழுதப்பட்ட தீர்ப்புகளைவிட, அவசரமாகப் பிறந்த இடைக்கால உத்தரவுகளே இங்கே அதிகம் சாதித்தன என்பது இந்த வரலாற்றின் விசித்திரம்.

தனியுரிமைக் கதையின் தொடக்கம் ஒரு கொலைக் குற்றவாளியின் சுயசரிதை. மரண தண்டனைக் கைதியாகச் சிறையில் இருந்த ஆட்டோ சங்கர் எழுதியதைத் தொடராக வெளியிட நக்கீரன் இதழ் முனைந்தது. காவல்துறை, சிறைத்துறை அதிகாரிகளின் பெயர்கள் அதில் அடிபட்டதால் சிறைத்துறை எதிர்த்தது. பத்திரிகை ஆசிரியர் ராஜகோபால் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1994 அக்டோபரில் நீதிபதி ஜீவன் ரெட்டி அளித்த தீர்ப்பு இரண்டு கோடுகளைக் கிழித்தது. ஒருவரது வாழ்க்கையை அவர் சம்மதமின்றி எழுதக் கூடாது, ஆனால் பொது ஆவணங்களில் பதிவானதை எழுதலாம். அவதூறு வரும் என்ற அச்சத்தில் அரசு முன்கூட்டியே வெளியீட்டைத் தடுக்க முடியாது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து தனியுரிமையை அடிப்படை உரிமை என்று ஒருமனதாக அறிவித்தபோது, முன்னோடிகளின் வரிசையில் இந்த வழக்கும் இருந்தது.

இந்தக் கோடுகளைச் சினிமாவுக்கு நீட்டிய வேலை சென்னையில் நடந்தது. 2015இல் ரஜினிகாந்த் தம் பெயரில் எடுக்கப்பட்ட ஓர் இந்திப் படத்துக்குத் தடை வாங்கினார்; பிரபலத்தின் பெயரும் பாணியும் அவருக்கே சொந்தம் என்ற கருத்து அதில் வலுப்பெற்றது. 2021இல் ‘தலைவி’ படத்தை எதிர்த்து ஜெயலலிதாவின் அண்ணன் மகள் தீபா தொடுத்த வழக்கில் காற்று வேறு பக்கம் அடித்தது. தனியுரிமை ஒருவரோடு முடிந்துபோவது, வாரிசுக்குச் சொத்தைப்போல வராது என்றது நீதிமன்றம்.

இணையத் தடையின் வரலாற்றில் 2012க்குத் தனி இடம். ‘கொலவெறி’ பாட்டால் உலகெங்கும் பேசப்பட்ட ‘3’ படத்தின் தயாரிப்பாளர்கள், திருட்டுப் பிரதிகள் பரவுமுன்பே, யாரென்று தெரியாத பிரதிவாதிகளுக்கு எதிராகத் தடை கேட்டார்கள். இந்திய வழக்குரைஞர்கள் ‘அசோக் குமார் உத்தரவு’ என்று செல்லமாகச் சொல்லும் இந்த முறையை, 2002இல் உலகக் கோப்பைக் கால்பந்து ஒளிபரப்புக்காக டெல்லி உயர் நீதிமன்றம் கேபிள்காரர்கள்மீது பயன்படுத்தியிருந்தது. சென்னையில் கிடைத்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு இணையச் சேவை நிறுவனங்கள் தளங்களையே முழுசாக மூடின. பைரேட் பே மட்டுமா? சொந்த வீடியோக்களைப் போட்டுவைக்கும் விமியோவும், வெறும் எழுத்துகளைப் பகிரும் பேஸ்ட்பினும்கூடத் திறக்கவில்லை. கோபம் கொண்ட அனானிமஸ் ஹேக்கர் குழுவினர் இந்திய அரசுத் தளங்களைத் தாக்கினார்கள். ஜூன் மாதம் நீதிமன்றம் விளக்கம் தந்தது: படம் இருக்கும் குறிப்பிட்ட முகவரியை மட்டுமே தடுக்கலாம், தளத்தை அல்ல. ஒரு படத்துக்காக முழுத் தளங்களே முடங்கியதைப் பார்த்த பிறகே, தடை எவ்வளவு குறுகலாக இருக்க வேண்டும் என்ற கேள்வி இந்தியாவில் சூடுபிடித்தது.

அதே பாடத்தை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் மறுபடி படித்தது. ஏப்ரல் 3 அன்று டிக்டாக் செயலியின் பதிவிறக்கத்தைத் தடுக்க உத்தரவிட்டது. கூகுளும் ஆப்பிளும் செயலியைக் கடைகளிலிருந்து எடுத்தன. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனதும் ஏப்ரல் 24 அன்று தடை நீங்கியது. மறு ஆண்டு ஜூனில் டிக்டாக்கை இந்தியாவிலிருந்தே வெளியேற்றியது நீதிமன்றமல்ல, மத்திய அரசு.

கூச்சல் குறைவாக இருந்தாலும் பின்விளைவு அதிகமான வழக்கு வேறொன்று. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் இணைக்கக் கோரி 2018இல் மனுக்கள் வந்தன. ஆதார் இணைப்பை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்விக்கு விசாரணை திரும்பியது. முடியும் என்றார் சென்னை ஐஐடி பேராசிரியர் காமகோடி. மறையாக்கத்தையே இது உடைத்துவிடும் என்றது வாட்ஸ்அப் நிறுவனம். 2019இல் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டதால் சென்னையில் தீர்ப்பே வரவில்லை. இருந்தும் 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளில் ‘முதல் அனுப்புநர்’ இடம்பிடித்தார். அதே விதிகளை எதிர்த்துப் பாடகர் டி.எம். கிருஷ்ணா உள்ளிட்டோர் இதே நீதிமன்றத்துக்கு வந்தது தனிக்கதை.

பதிப்புரிமையில் சென்னையின் சரக்கு திரையிசையும் திரைக்கதையும்தான். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தயாரிப்பாளரிடம் உரிமையை இழக்கிறார்கள் என்று உச்ச நீதிமன்றம் 1977இல் சொல்லியிருந்தது. 2012இன் திருத்தச் சட்டம் அதை ஓரளவு மாற்றியது. ‘ஆரண்ய காண்டம்’ வழக்கில் 2017இல் வந்த தீர்ப்பு இன்னும் நுட்பமானது: ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், படத்தை வேறு மொழியில் டப்பிங் செய்யத் தயாரிப்பாளருக்கு உரிமை உண்டு, ஆனால் மறுஆக்க உரிமை எழுதியவரிடமே இருக்கும். இளையராஜாவுக்குத் தம் பாடல்கள்மீது தார்மீக உரிமை உண்டு என்று நீதிபதி அனிதா சுமந்த் 2019இல் உறுதிசெய்தார். 2025 செப்டம்பரில் இளையராஜா தொடுத்த வழக்கில் ‘குட் பேட் அக்லி’ படத்துக்கு வந்த தடையும் இடைக்கால உத்தரவுதான்.

மறக்கப்படும் உரிமையில் நீதிமன்றம் தன்னுடனேயே முரண்பட்டது. விடுதலையானவரின் பெயரைத் தீர்ப்பிலிருந்து நீக்கலாம் என்பதற்கு 2021 ஜூலையில் முகாந்திரம் கண்ட நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், அடுத்த மாதமே சட்டம் இல்லாமல் அதைச் செய்ய முடியாது என்று மனுவைத் தள்ளினார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, இந்தியன் கானூன் தளம் தீர்ப்பை எடுக்க வேண்டும் என்றது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

அண்மைக் காலத்தில் சென்னையின் குரல் தனியுரிமைப் பக்கம் உரத்திருக்கிறது. கணவன், மனைவியின் செல்போன் பதிவுகளைத் திருட்டுத்தனமாக எடுத்து விவாகரத்து வழக்கில் சாட்சியமாக்க முடியாது என்று மதுரைக் கிளை 2024 அக்டோபரில் சொன்னது. ஊழல் வழக்கொன்றில் நடந்த ஒட்டுக்கேட்பை 2025 ஜூலை தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பொது அவசர நிலையோ பொதுப் பாதுகாப்போ இல்லாமல் அரசு யாருடைய தொலைபேசியிலும் காது வைக்க முடியாது என்பது அதன் காரணம். ஆனால் அதே மாதம் 14ஆம் தேதி, வேறொரு மாநிலத்து வழக்கில், தம்பதியரில் ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்த உரையாடலைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.