தேநீர்க் கிண்ணமும் தேயிலை மண்ணும்

பிறந்த மண்ணில் மறைந்த வழக்கம், பெயர்ந்து சென்ற மண்ணில் பன்னூறு ஆண்டுகள் வாழ்தல் உண்டு. ஜப்பானியரின் தேநீர் அத்தகையது. தேயிலைத் தூளைச் சுடுநீரில் இட்டு நுரை பொங்கக் கடைந்து பருகும் முறை, சீனத்தில் சோங் பேரரசர் காலத்தில் தழைத்திருந்தது. பின்னர் மிங் ஆட்சியில், இலையை ஊறவைத்து வடிக்கும் முறை பரவவே, அங்கே அது வழக்கொழிந்தது. கடல் கடந்து சென்ற ஜப்பானில் மட்டும் நிலைபெற்றது. மச்சா என்று உலகோர் இன்று விரும்பிப் பருகுவது அதுவே.

சீனத்திலிருந்து 1191-இல் திரும்பிய ஐசாய் என்னும் பௌத்தத் துறவி தேயிலை விதைகளைக் கொணர்ந்தார் என்பர். தேநீர் அருந்தி உடலோம்பும் முறையை விளக்கி அவர் 1211-இல் ஒரு நூலும் இயற்றினார். தியானத்தில் அமர்வோர்க்குத் தேநீர் உறக்கம் அகற்றும் துணையாயிற்று. தென்னாட்டு அரச குலத்தவர் என்று சீன மரபு கூறும் போதிதருமர், தவத்திடையே கண்ணயர்ந்தமைக்கு வெகுண்டு தம் இமைகளை அரிந்தெறிந்தார் என்றும், அவை வீழ்ந்த இடத்தில் தேயிலை முளைத்தது என்றும் ஒரு கதை ஜப்பானில் வழங்குகிறது. அவரைக் காஞ்சியினர் என்று போற்றும் நமக்கு அக்கதை தனிச்சுவை தருவதாகும்.

துறவியர் பானத்தை வாழ்க்கை நெறியாக உயர்த்தியவர் சென் நோ ரிக்யூ. ஆட்சித் தலைவன் ஹிதேயோஷி பொன்னால் இழைத்த தேநீர் அறையில் மகிழ்ந்தான். ரிக்யூவோ இரண்டு பாய் விரிக்கும் அளவேயான மண்சுவர் அறையைப் போதுமெனக் கொண்டார். அதன் சிறு வாயிலில் எவரும் குனிந்தே நுழைதல் வேண்டும். வாள் வெளியே நிற்கும். உள்ளே வீரனும் வணிகனும் ஒருநிகர். 1591-இல் ஹிதேயோஷியின் ஆணையால் ரிக்யூ தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள நேர்ந்தது. பொன் அறை இன்று இல்லை; ரிக்யூவின் நெறி அவர் வழியினரிடம் வாழ்கிறது.

1738-இல் உஜிப் பகுதியைச் சேர்ந்த நாகதானி சோயென், இளந்தளிரை ஆவியில் வேகவைத்து உருட்டி உலர்த்தும் முறையைச் செப்பஞ்செய்தார். ஊறவைத்துப் பருகும் இப்பச்சைத் தேநீர் நாளடைவில் எளியோர் இல்லங்களிலும் இடம்பெற்றது.

ஆயினும் சுவையின் மீது கொண்ட காதலே பின்னாளில் மண்ணுக்குப் பகையாயிற்று. ஜப்பானியர் போற்றும் இன்சுவைக்குத் தழைச்சத்து மிகுதியாக வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் இரசாயன உரத்தை அளவின்றிச் சொரிந்தமையால், செடி உண்டது போக எஞ்சியது நிலத்தடி நீரைக் கெடுத்தது. எளிமையின் சின்னமான பானம் மிகையால் விளையும் நிலை எய்தியது.

இதற்கு மாற்றாகவே இயற்கை வேளாண்மைத் தேயிலை எழுந்தது. 2000-ஆம் ஆண்டில் ஜப்பான் அரசு அதற்கு விதிகள் வகுத்தது. தேயிலை போன்ற பல்லாண்டுப் பயிர்க்கு, அறுவடைக்கு முன் மூன்றாண்டுகளேனும் விலக்கப்பட்ட உரமும் மருந்தும் இடலாகாது. அதுவரை உழவர் குறைந்த விளைச்சலையும் பூச்சித் தொல்லையையும் பொறுத்தல் வேண்டும். ஷிசுவோகாப் பகுதியில் பழைய வழக்கம் ஒன்றும் எஞ்சியுள்ளது. தோட்டத்தை அடுத்த புல்வெளிகளில் உயர்ந்து வளரும் புல்லை இலையுதிர் காலத்தில் அரிந்து, செடி வரிசைகளுக்கிடையே பரப்புவர். அது மெல்ல மட்கி மண்ணை வளமாக்கும். அரிய செடிகளும் அப்புல்வெளியில் பிழைத்திருக்கும். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2013-இல் இம்முறையை உலக வேளாண் மரபுச் செல்வமாக ஏற்றது.

இயற்கைத் தேநீரில் இன்சுவை சற்றுக் குறையலாம். அக்குறையை ஏற்கும் நாவே ரிக்யூவின் மண்சுவர் அறைக்குள் நுழையத் தகுதி பெற்றதாகும். பெயர்ந்து சென்ற மரபு தானாக வாழ்வதில்லை. வேரூன்றிய மண்ணைப் பேணி, சற்றுக் குனிந்து உள்ளே வரும் மக்கள் உள்ளவரை அது வாழும்.