கோரம் தேவையில்லாத கூட்டம்

கூட்டம் என்ற சொல்லுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அழைத்து வரப்பட்டவர்கள், தாமாகவே கூடிவிட்டவர்கள். முதலாமவர்களுக்கு நாற்காலி போடுவார்கள், இரண்டாமவர்களுக்குப் போலீஸ் போடுவார்கள். சுற்றுச்சூழல் பற்றிய இன்றைய சொல்லாடலில் இந்தப் பாகுபாடு எப்படி இயங்குகிறது என்பதைத் திருவள்ளூர் மாவட்டத்தில் நின்று பார்க்கலாம்.

'பசுமை மாநாடு' இப்போது ஒரு தொழில். 2012இல் நிகழ்ச்சிகளுக்கென்றே ஐஎஸ்ஓ 20121 தரநிர்ணயம் வந்தது. 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டின்போது, 2050க்குள் நிகரக் கரிம உமிழ்வைப் பூஜ்யமாக்குவதாக மாநாட்டுத் தொழில்துறை உறுதிமொழி எடுத்தது. எத்தனை பாட்டில், எவ்வளவு கரண்ட், எத்தனை பேர் விமானத்தில் வந்தார்கள், எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. அந்தக் கூடத்தில் உட்கார்ந்து என்ன முடிவு செய்தார்கள் என்பது மட்டும் கணக்கில் வராது.

நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் 2015, 2019, 2024 ஆண்டுகளில் உலக முதலீட்டாளர் மாநாடுகள் நடந்தன. 2019 மாநாடு ஜனவரி 23இல் தொடங்கியது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு அந்த மாதம் முதல் தேதியிலிருந்தே மாநிலத்தில் தடை. ஆக, சட்டப்படி மேஜை சுத்தம். 2024இல் கையெழுத்தான முதலீடு 6.64 லட்சம் கோடி ரூபாய். அத்தனைக்கும் நிலம் வேணும், தண்ணி வேணும், கழிவு போக வழி வேணும். அதை எங்கே பேசுவது?

அதைப் பேசத்தான் சட்டம் வேறொரு கூட்டத்தை உண்டாக்கியது. 1992 ரியோ பிரகடனத்தின் பத்தாவது கோட்பாடு மக்கள் பங்கேற்பை வலியுறுத்தியது. 1994இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வந்தது. 1997 ஏப்ரலில் செய்யப்பட்ட திருத்தம் மக்கள் கருத்துக் கேட்பைக் கட்டாயமாக்கியது. திருவள்ளூர் மாவட்டம் பிரிக்கப்பட்டதும் அதே 1997இல்தான். இரண்டுக்கும் ஒரே வயசு.

2006 அறிவிக்கை இந்தக் கூட்டத்துக்கு ஒரு விசித்திரமான விதியை வைத்தது. கூட்டம் தொடங்கக் கோரம் தேவையில்லை. சட்டமன்றத்தில் ஆள் குறைந்தால் அவை நடக்காது. இங்கே யாருமே வராவிட்டாலும் நடக்கும். வராமலிருப்பது எளியவர்களின் கடைசி எதிர்ப்பு என்றால், அதையும் சட்டம் முன்கூட்டியே செல்லாததாக்கிவிட்டது. இன்னொரு வரியும் அதில் உண்டு. ஒப்புதல் பெற்ற தொழிற்பேட்டைக்குள் வரும் திட்டங்களுக்குக் கருத்துக் கேட்பே வேண்டாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியிருக்கும் ஊர்களுக்கு இந்த வரி என்ன சொல்கிறது? பேட்டைக்கு என்றைக்கோ ஒப்புதல் கொடுத்தாச்சு, உள்ளே வரும் உலையைப் பற்றி உங்ககிட்ட என்ன கேட்கிறது? புகைக்கு வேலி தெரியாது, சட்டத்துக்குத் தெரிகிறது.

ஆனாலும் கூட்டத்தின் வலிமையைக் காட்டுப்பள்ளியில் பார்த்தோம். அதானி துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரி 22இல் கருத்துக் கேட்பு அறிவிக்கப்பட்டது. மீனவர்கள் எதிர்த்தார்கள். கொரோனாவைக் காரணம் காட்டித் தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 5க்கு மறுபடியும் அறிவித்தார்கள், அதுவும் தள்ளிப்போனது. நடந்து முடியும் கூட்டங்களைவிட இந்த நடக்காத கூட்டம் உரக்கப் பேசியது.

பழவேற்காட்டில் இவற்றுக்கெல்லாம் முந்திய கூட்டம் ஒன்று உண்டு. ஏரியில் யார், எங்கே, எந்த முறையில் வலை போடுவது என்று ஊர் கூடி வகுக்கும் 'பாடு' முறை. நீடித்த தன்மை என்ற சொல் பிறக்குமுன்பே அதைச் செய்த கூட்டம். இதைச் சொல்லிப் பெருமூச்சு விடவேண்டியதில்லை. அது பட்டினவர் ஆண்களின் கூட்டம். ஏரியில் கையால் இறால் தடவிப் பிழைக்கும் இருளருக்கும் மீன் விற்கும் பெண்களுக்கும் அங்கே இடமில்லை.

எனவே தட்டு மண்ணில் மக்குமா என்பதல்ல நம் கேள்வி. தட்டு யார் முன்னால் வைக்கப்படுகிறது, வாசலில் நிறுத்தப்பட்டவர் யார், அவர் வராவிட்டால் கூட்டம் நிற்குமா? இந்த மூன்றையும் கேட்காத எந்தத் தரச்சான்றும் மேஜை துடைக்கிற துணிதான்.